ரிவர்ஸ் கியரில் மலையேறிய ஸ்டோர் பாஸ்

முன்னால் போக வேண்டுமென்றால் ரிவர்ஸ் கியரைப் போட வேண்டிய ஜீப் ஒன்று எங்கள் தோட்டத்தில் மூன்று மாதம் ஓடியது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் மகன் மோட்டார் வேலை படித்தவன். அவனே, "அம்மா, உங்களுக்கு வயசாயிருச்சு" என்கிறான். வயசானது உண்மைதான். ஆனால் அந்த ஜீப்பின் பின்பக்கத்தில், மடியில் பிள்ளைத்தாய்ச்சியின் தலையோடு உட்கார்ந்து போனவள் நான். எந்தக் கியரில் போனோம் என்று எனக்குத் தெரியாதா?

அந்த ஜீப்பை அப்படி ஆக்கியவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். தோட்டத்திலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் கொத்தனார், தச்சர், மெஷின் பார்க்கிறவர் எல்லோரும் பாஸ்தான். இவர் ஸ்டோர் பாஸ். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. ஸ்டோரும் ஆஸ்பத்திரியும் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக எதிரெதிரே இருந்தன. காலையில் அவர் பெல்ட்டுகளுக்கு மெழுகு தடவுவது என் ஜன்னலில் தெரியும். நான் தண்ணீர் கொதிக்க வைப்பது அவருக்குத் தெரியும்.

ஒல்லியான மனிதர். பட்டாளத்தார் விட்டுப்போன காக்கிக் கோட்டு ஒன்றைக் கோடையிலும் குளிரிலும் போட்டிருப்பார். உதட்டில் எப்போதும் ஒரு திருகாணி இருக்கும். சும்மா பேச்சுக்கெல்லாம் அதை எடுக்க மாட்டார், பல்லிடுக்கிலேயே பேசிவிடுவார். முக்கியமான விஷயமென்றால் மட்டும் அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வாய் திறப்பார். அப்படி அவர் திருகாணியை எடுத்துவிட்டுச் சொன்னது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்.

"அது நான் செஞ்சதுங்க."

எது கெட்டாலும், யாரும் கேட்பதற்கு முன்னால், எல்லோரும் இருக்கிற இடத்தில் வந்து நின்று இதைச் சொல்லுவார். ஒரு முறை கொழுந்து அரைக்கிற ரோலரின் தகடு விலகி ஒரு நாள் தேயிலை முழுவதும் பாழாகிவிட்டது. கொழுந்து முற்றலாக வந்தது என்று டீமேக்கர் அழகாக ஒரு கதை தயார்செய்து வைத்திருந்தார். பறித்தவர்கள் மேல் பழி போயிருக்கும், கங்காணி நாலு சத்தம் போட்டிருப்பார், விஷயம் முடிந்திருக்கும். துரை உள்ளே வந்ததும் பாஸ் திருகாணியை எடுத்தார். "தகட்டை நான் சரியா முடுக்கலைங்க" என்றார். பத்து நாள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்.

"உன் வாயத் தைக்கிறதுக்கு ஒரு ஊசி கெடைக்கலையாய்யா?" என்று டீமேக்கர் ஆத்திரப்பட்டார். பாஸ் மாட்டிக்கொண்டது அவருக்குக் கவலையில்லை. தன் கதை வீணானதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல்.

மாரியம்மன் திருவிழாவில் ஒருமுறை சாமி சப்பரத்தில் ஏறுகிற நேரத்தில் விளக்கெல்லாம் அணைந்துபோயின. பேட்டரியில் ஓடிய மைக் மட்டும் வேலை செய்தது. இருட்டில் திடீரென்று, "வெளிச்சம் போனதுக்குக் காரணம் நாந்தாங்க. ஒயரு இழுத்தது நானு" என்று மலை முழுக்கக் கேட்டது. நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். வேடிக்கை பார்க்கத்தான் போயிருந்தேன். சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பூசாரி மட்டும் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் பிழைக்கிறவர்களுக்கு இது விசித்திரமான பழக்கம். எங்களுக்குத் தொட்டிலிலேயே படிந்துபோனது வேறு. கேட்கும்வரை வாய் திறக்கக் கூடாது, கேட்டால் பக்கத்து ஆளைக் காட்ட வேண்டும். துரை கணக்கப்பிள்ளையைத் திட்டுவார், கணக்கப்பிள்ளை கங்காணியை, கங்காணி கொழுந்து எடுக்கிறவளை, அவள் வீட்டில் புருஷனை. அந்தப் படிக்கட்டில் எந்தப் படியிலும் நிற்காத மனிதர் அவர் ஒருவர்தான். அதனால் அவரை எல்லோருக்கும் பிடிக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அவரோடு சேர்ந்து வேலை செய்ய ஆட்கள் பயந்தார்கள். எனக்கே அவரைக் கண்டால் ஒரு கூச்சம் இருந்தது. காரணம் சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் கிடந்தது. அட்டனுக்குப் போகிற பெரிய ரோட்டுக்கு நான்கு மைல் ஏற வேண்டும். அந்தப் பாதையில் லாரி இறங்காது. தேயிலைப் பெட்டிகள்கூடக் கம்பியில் தொங்கித்தான் மேலே போயின. இருந்த ஒரே வண்டி, யுத்தத்துக்கு வந்த அமெரிக்கர்கள் விட்டுப்போன ஜீப். அதன்மேல் தார்ப்பாய்க் கூடாரம் போட்டு ஆஸ்பத்திரி வண்டியாக வைத்திருந்தோம். ஸ்டோர் வேலையோடு அதை ஓட்டுவதும் பாஸ்தான். அறுபதுகளின் ஆரம்பத்தில் அதன் எஞ்சின் தேய்ந்து, புகையும் இருமலுமாகிவிட்டது. வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோன காலம். ஒரு ஸ்குரூ வேண்டுமென்றாலும் கொழும்பில் கையை விரித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் பாக்கியத்துக்குத் தலைப்பிரசவம். கொழுந்து எடுக்கிற பெண், இருபது வயது. விடியும்போது வலியோடு வந்தாள். கை வைத்துப் பார்த்தேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. அப்போதே அட்டன் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். சட்டம் அதுதான், எனக்குப் படித்துக் கொடுத்ததும் அதுதான். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகளை வெளியிலிருந்தே கையால் திருப்பியிருந்தேன். கைராசி என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சொல்லிச் சொல்லி என் தலை கொஞ்சம் வீங்கியிருந்தது. இதையும் திருப்பிவிடலாம் என்று மத்தியானம் வரை முயன்றேன். திரும்பவில்லை. பிறகுதான் ஜீப்புக்கு ஆள் அனுப்பினேன்.

பாதி மலையில், பாறை வளைவில் ஜீப் நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தோம். கடைசியில் பாக்கியத்தைக் கம்பளியில் போட்டுக் கழியில் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெரிய துரை ஆபீஸ் வாசலில் விசாரித்தார். வெள்ளைக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் கிழவனிலிருந்து குழந்தை வரை எல்லோரும் அவருக்கு 'நீ'தான். பாக்கியத்தின் புருஷன் ஒரு பக்கம் நின்றான். கங்காணி நின்றார். நான் நின்றேன்.

"ஜீப்பு ஏன் நின்னுச்சு?" என்றார் துரை.

பாஸ் திருகாணியை எடுத்தார். "எஞ்சின் தேஞ்சிருச்சுங்க. இந்த மலைக்குத் தாங்காதுன்னு ரெண்டு மாசமாவே எனக்குத் தெரியும். நான் வாய்விட்டுச் சொல்லியிருக்கணும். சொல்லல. ஜீப்பு நின்னது என் தப்புங்க."

அதோடு நிறுத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பார்வையில் கோபம் இல்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அடுத்த ஆள் வருவதற்காக ஒதுங்கி நிற்கிறவர் மாதிரி நின்றார். நான் அந்தக் கதவுக்குள் போகவில்லை. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். துரையும் என்னைக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில், 'வழியில் வாகனம் நின்றதால் தாமதம்' என்று எழுதினேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையை எங்கே நிறுத்தவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தோட்டம் முழுக்கப் பிள்ளையைக் கொன்ற ஜீப், பிள்ளையைக் கொன்ற பாஸ் என்று பேச்சானது. பாக்கியம் அவரை எதிரே கண்டால் தலையில் போட்டிருக்கும் கொங்காணியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு போவாள். என்னிடம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா நானும் போயிருப்பேம்மா" என்பாள். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவுமில்லை.

ஐந்து மாதத்தில் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அந்தச் செய்தி ஸ்டோருக்குப் போன வாரமே, பாஸ் புது எஞ்சின் தேடப் புறப்பட்டார்.

பொல்பிட்டிய பக்கத்தில் மின்சார வேலைக்காகத் தண்ணீரைத் தேக்கிய இடத்தில் ஒரு மோட்டார் படகு ஓடிக்கொண்டிருந்தது. அது பாறையில் மோதி உடைந்தபோது அதிலிருந்த இரண்டு டீசல் எஞ்சின்களையும் விற்றார்கள். ஒன்றைக் கினிகத்தேனை லாரிக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். மற்றது சும்மா கிடந்தது. புத்தம் புதிது மாதிரி, சின்னது, நல்ல பலமுள்ளது. ஏன் யாரும் அதைத் தொடவில்லை என்று பாஸ் யோசிக்கவில்லை. துரையிடம் சொல்லி அதை வாங்கிக் கம்பியில் தொங்கவிட்டு மலையிலிருந்து இறக்கினார்.

மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஸ்டோர் முற்றத்தில் அதே வேலை. எஞ்சின் படகினுடையது, கியர்ப்பெட்டி ஜீப்பினுடையது. இரண்டின் முகமும் ஒன்றோடொன்று சேராது. நடுவில் ஒரு இரும்புத் தகடு வேண்டும். தேயிலை காய வைக்கிற பழைய டிரையரின் கதவை அறுத்து அந்தத் தகட்டைச் செய்தார். துளைகள் மயிரிழை பிசகக் கூடாது. என்னிடம் வந்து வாய்ப்புண்ணுக்குத் தடவுகிற ஊதா மருந்து கேட்டார். அதை எஞ்சின் முகத்தில் பூசி, மருந்து சுற்றுகிற காகிதத்தை வைத்து அழுத்தி, துளைகளைப் பிரதி எடுத்தார். ஒரு மாதம் அவர் கைகளும் மூக்கு நுனியும் ஊதாவாகவே இருந்தன. எஞ்சின் கனம் கூடுதல் என்பதால் முன் வில்லுக்கு ஒரு பட்டை சேர்த்தார். எஞ்சினின் அடிவயிறு முன் அச்சில் இடித்தது. அதை இரண்டு அங்குலம் தூக்கினார். தூக்கியதும் மேல் மூடி மூடவில்லை. மூடியில் ஓட்டை போட்டு, அதற்கு மேல் ஒரு மாவுச் சல்லடையைக் கவிழ்த்து முடுக்கினார்.

எஞ்சினை முதல் முறை கைப்பிடி போட்டுக் கிளப்பியபோது நானும் இருந்தேன். கங்காணிக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. "என்ன பாஸ், பழசு வலப்பக்கமால்ல சுத்தும்? இது எடப்பக்கம் சுத்துது?"

"எந்தப் பக்கம் சுத்துனா என்னங்க, சுத்துதுல்ல" என்றார் பாஸ் திருகாணியோடேயே.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்டோரில் கூரையோடு ஒரு நீளத் தண்டு சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தோல் பெல்ட் இறங்கும். ஏதாவது மெஷின் எதிர்ப்பக்கமாகச் சுழன்றால் பெல்ட்டைக் கழற்றி, எட்டுப் போட்ட மாதிரி குறுக்கே மாற்றி மாட்டுவார்கள். ஒரு நிமிஷ வேலை. முப்பது வருடம் பெல்ட்டோடு வாழ்ந்தவருக்கு எஞ்சின் சுழலும் பக்கம் ஒரு விஷயமாகவே பட்டதில்லை.

ஜீப்பை ஓட்டிக் காட்டுகிற அன்று துரை வந்திருந்தார். ஸ்டோர் ஆட்கள், கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் எல்லோரும் நின்றார்கள். சூடம் கொளுத்தித் தேங்காய் உடைத்தார்கள். பாஸ் ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டுக் காலை எடுத்தார். ஜீப் நேராகப் பின்னால் போய் விறகுக் குவியலில் மோதியது. கியரைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று நினைத்து இறங்கிப் பார்த்தார். மறுபடி ஏறினார். மறுபடியும் விறகு. இரண்டாம் கியர் போட்டார், இன்னும் வேகமாக விறகு. பெண்கள் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். துரைக்குச் சிரிப்பில் சுருட்டு கீழே விழுந்துவிட்டது.

பாஸ் எஞ்சினை நிறுத்தினார். இறங்கிச் சல்லடைக்குள் குனிந்து பார்த்தார். பிறகு திருகாணியை எடுத்தார்.

"எஞ்சின் சுத்துற பக்கம் பாக்கலைங்க. ஸ்டோர்லன்னா பெல்ட்டை மாத்திப் போட்டுக்கலாம். இதுல பெல்ட்டு இல்லீங்க. அது நான் செஞ்சதுங்க."

பிறகுதான் கினிகத்தேனை லாரிக்காரர் விளக்கம் சொன்னார். இரண்டு எஞ்சின் வைத்த படகில் ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் சுழலுமாம். அப்போதுதான் படகு ஒரு பக்கமாக இழுக்காதாம். யாருக்கும் வேண்டாமல் கிடந்தது அந்த இடப்பக்கத்து எஞ்சின்.

துரை ஜீப்பை ஓரமாகத் தள்ளிவிடச் சொல்லிவிட்டுப் பங்களாவுக்குப் போய்விட்டார். கூட்டம் கலைந்தது. என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் ஜீப்பின் படியில் உட்கார்ந்திருந்தார். பாக்கியத்துக்கு அப்போது ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. அவர் அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருப்பார் என்று எனக்குத் தெரிந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லலாமென்று செருப்பைக்கூட மாட்டினேன். போய் எதைச் சொல்வது?

மறுநாள் காலை ஒரு ஊளைச் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். ஜீப் முன்னால் போய்க்கொண்டிருந்தது. எல்லாமே தலைகீழ் என்றால் ரிவர்ஸும் தலைகீழாகத்தானே இருக்க வேண்டும்! ரிவர்ஸ் கியரைப் போட்டால் ஜீப் முன்னால் போனது. மெதுவாகத்தான், வேகமாக நடக்கிறவன் மாதிரி. ஆனால் அந்தக் கியரில் இழுவை அதிகம். ஆறு மூட்டை சாம்பல் உரத்தை ஏற்றிக்கொண்டு பாறை வளைவை நிற்காமல் ஏறிவிட்டு வந்தார். வந்து என்னிடம் சொன்னது இதுதான்:

"ஏறுதுங்கம்மா. ஆனா இந்தப் பல்லு நெடுகப் போறதுக்குச் செஞ்சதில்ல, பத்தடி பின்னுக்குப் போறதுக்குச் செஞ்சது. எத்தனை நாளைக்குத் தாங்கும்னு எனக்குத் தெரியாது. நோயாளிக்கு மட்டுந்தான் எடுப்பேன்."

சொன்னபடியே நின்றார். சின்ன துரை கிளப்புக்குப் போகக் கேட்டபோதும், "கேஸ் இருக்குங்களா?" என்று திருப்பிக் கேட்டாராம். ஒவ்வொரு முறை போய் வந்ததும் கியர்ப்பெட்டி எண்ணெயை என் ஆஸ்பத்திரியின் வெள்ளைப் பீங்கான் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பார்ப்பார். எண்ணெயில் இரும்புத்தூள் மினுக்கும். அந்த மினுக்கத்தைப் பார்த்து, "இன்னிக்குக் கொஞ்சம் கூடுதலுங்கம்மா" என்பார். நான் நாடி பிடிக்கிற மாதிரிதான். எட்டாவது பயணத்துக்குப் பிறகு தட்டில் அரிசிக் குருணை அளவில் ஒரு துண்டு கிடந்தது. "இனி ஒண்ணு ரெண்டு தடவைக்குத்தான் வரும்" என்றார்.

பாக்கியம் இரண்டாவது பிரசவத்துக்கு வந்ததும் விடியற்காலையில்தான். இந்தத் தடவை குறுக்கே இல்லை, ஆனால் கால்பக்கம் முன்னால் இருந்தது. வலி ஆரம்பம்தான். எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இருப்பது ஒரு பயணம். இப்போதே கிளம்பி, பல் உடைந்து நடுமலையில் நின்றுவிட்டால்? இங்கேயே சுகமாகப் பிறந்தாலும் பிறக்கும். நியாயமான யோசனை என்றுதான் இன்றைக்கும் சொல்லுவேன். ஆனால் அதற்கு அடியில் பழைய கைராசியும் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

வாசலில் ஊளைச் சத்தம். நான் ஆள் அனுப்பவில்லை. பாஸ் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் திண்டுகளைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம் பாஸ்" என்றேன்.

அவர் திருகாணியை எடுத்தார்.

"போன தடவையும் விடியும்போதே உங்க அடுப்புல பொகை வந்துச்சுங்கம்மா. நான் அப்பவே ஜீப்புக்குத் தண்ணி ஊத்தி வச்சிட்டு நின்னேன். மத்தியானந்தான் ஆளு வந்துச்சு."

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். உள்ளே இருந்த பாக்கியத்துக்கோ அவள் புருஷனுக்கோ கேட்டிருக்காது. ஒரு வருடமாக எல்லாம் தெரிந்துகொண்டே இந்த மனிதர் தோட்டத்தின் ஏச்சை வாங்கியிருக்கிறார். ஊரறியத் தன் தப்பை ஒத்துக்கொண்டவர், என் தப்பை எடுத்துச் சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டார். நான் உள்ளே போய்ப் பாக்கியத்தைக் கைத்தாங்கலாக எழுப்பினேன்.

பாறை வளைவை ஏறிவிட்டோம். பெரிய ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது கியர்ப்பெட்டிக்குள் ஒரு வெடிச்சத்தம். எஞ்சின் ஓடியது, ஜீப் ஓடவில்லை. பாக்கியத்தின் புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். "மறுபடியுமா? என் ரெண்டாவது புள்ளையையும் தின்னப் போறியாய்யா?"

பாஸ் கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பிறகு, "ரிவர்ஸ் பல்லுத்தான் போயிருக்கு. மத்த மூணு கியரும் இருக்குங்க" என்றார்.

"மத்த மூணும் பின்னாலல்ல போகும்?" என்றேன்.

"பின்னாலயே போவோம்மா."

பக்கத்து மலையில் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்தார்கள். எட்டுப் பேராகச் சேர்ந்து பாக்கியத்தோடேயே ஜீப்பைத் தூக்கித் திருப்பி, அதன் முதுகை அட்டன் பக்கமாக வைத்தார்கள். கூடாரத்தின் பின் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினோம். பாஸுக்குப் பின்னால் எதுவும் தெரியாது. கூடாரம் மறைக்கும். நான் பின்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும், பார்த்துச் சொல்ல வேண்டும். இடது, வலது என்றால் ஆளுக்கொரு பக்கம் குழம்பும். மலைப்பக்கம், பள்ளத்துப்பக்கம் என்று சொல்லிக்கொள்வதாக முடிவு செய்தோம்.

"நான் தப்பாச் சொல்லிட்டா?" என்று கேட்டேன்.

"சொன்ன ஒடனே தப்புன்னு சொல்லிருங்கம்மா. திருப்பிக்கலாம். சொல்லாம இருந்தாத்தான் கஷ்டம்" என்றார்.

ஏழு மைல். பாக்கியம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். நான் கத்திக்கொண்டே வந்தேன். "மலைப்பக்கம் கொஞ்சம், நேரா, பள்ளத்துப்பக்கம், போதும், போதும்." அவர் முன்னால் விலகிப் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு என் வாயை நம்பி ஓட்டினார். ஒரு திருப்பத்தில் மலைப்பக்கம் என்று சொல்வதற்குப் பதில் பள்ளத்துப்பக்கம் என்றுவிட்டேன். கீழே ஓடை சின்னதாகத் தெரிந்தது. "தப்பு, பாஸ், தப்பு, தப்பாச் சொல்லிட்டேன்" என்று அலறினேன். அவர் ஒடித்தார், ஜீப் மலையோரத் தண்ணீர்க் கானில் இறங்கி ஏறியது. அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அந்த வார்த்தை இத்தனை சுலபமாக வாயிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது.

பெரியாஸ்பத்திரி வாசலுக்குள் நாங்கள் முதுகு காட்டிக்கொண்டு நுழைந்தோம். "மொகத மே?" இது என்ன என்று காவல்காரர் சிங்களத்தில் வாயைப் பிளந்தார். அவருக்கு விளக்கம் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

பெண் பிள்ளை. கால் முன்னால் வந்து, கழுத்தில் கொடி சுற்றி, நீலமாகப் பிறந்து, பிறகு வீரிட்டு அழுதது. அரை மணி பிந்தியிருந்தால் இல்லை என்று டாக்டர் சொன்னார்.

சாயந்திரம் நான் புறப்படும்போது பாக்கியம் என் கையைப் பிடித்தாள். முகம் வெளுத்து, ஆனால் சிரிப்பாக இருந்தாள். "அம்மா, கீழ போயி பாஸுக்கிட்டச் சொல்லுங்க. மொதப் புள்ளைக்காக நான் அவர மன்னிச்சிட்டேன்னு. இனி மொகத்த மறைக்க மாட்டேன்னு சொல்லுங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினேன். அவர் ஜீப்பின் பக்கத்தில் குந்தியிருந்தார். கைகளைத் தேய்த்துத் தேய்த்து எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவள் சொன்னதை அப்படியே, ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் வாய் கூசவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் எழுந்து நின்றார். சந்தோஷப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன், கண் கலங்கியிருந்தது. பிறகு கேட்டார்.

"ஜீப்பு நின்னதுக்கு மட்டுந்தானேங்கம்மா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அவருக்கு அது தெரிய வேண்டியிருந்தது. தன் பங்கு எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் மன்னிப்பை வாங்கிக்கொள்ள விரும்பினார். அதிகமாக ஒரு துளிகூட அவருக்கு வேண்டாம்.

நான் திரும்பி வார்டுக்கு ஏறினேன். பாக்கியம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுத்து முடிக்கும்வரை கட்டிலோரம் நின்றேன். பிள்ளை தூங்கியதும் அவள் என் கையைப் பிடித்தாள். முதல் பிள்ளை குறுக்கே கிடப்பது விடியும்போதே எனக்குத் தெரியும் என்பதையும், மத்தியானம் வரை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொன்னேன்.

அவள் என் கையை விட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதன்பிறகு பாக்கியம் இரண்டு பிள்ளை பெற்றாள். இரண்டுக்கும் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினாள். வலியில் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் இரண்டு தடவையும் என்னோடு ஒரு வார்த்தை பேசாமலே பெற்றாள்.